முழங்கால் இல்லாத சகுந்தலை

பொம்மையோடை விளையாடுற பெடியனைக் கண்டு எங்கடை ஊர் சிரிக்குது. ஆக்களுக்குச் சீலை உடுத்தி, நகை பூட்டி, இப்பிடிச் சரி அப்பிடித் திரும்பு எண்டு நிக்க வைச்சு விளையாடின ஒரு மனிசன் கீறின லட்சுமிக்கு, அதே ஊர்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குக் கொளுத்துது. உதை ஆரும் யோசிக்கிறேல்லை. யோசிச்சால் விளக்கு நூந்து போயிடுமோ எண்ட பயமாக்கும்.

ஆனபடியால் மோனை, நீ வெக்கப்பட ஒண்டுமில்லை. நீ லண்டனிலையிருந்து உடுப்பைக் குறைச்சுப் பொம்மையைக் கூட்டி அடுக்கின பெட்டியோடை வந்திறங்கின நாள் தொட்டு, பருத்தித்துறை றோட்டாலை போற சனமெல்லாம் என்னட்டைத்தான் விசாரிக்குது. "அண்ணை, பேரனுக்கு என்ன, சுகமில்லையோ? வாழைக்குக் கீழை குப்புறக் கிடக்கிறான்." சுகமாத்தான் இருக்கிறான், ரவிவர்மாவைப் படம் எடுக்கிறான் எண்டன். "அவர் எப்ப நீர்வேலிக்கு வந்தவர்?" எண்டார் ஒருத்தர். 1906இலை செத்த மனிசன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அவர் எப்பவோ வந்திட்டார், உங்கடை சாமியறையிலைதான் நிக்கிறார், போய்ப் பாருங்கோ எண்டு அனுப்பிவிட்டன். அண்டையிலையிருந்து என்னையும் சுகமில்லாத ஆக்களின்ரை கணக்கிலை சேத்துப்போட்டினம்.

நான் சொன்னதிலை பொய்யில்லை. கிளிமானூரிலை 1848இலை பிறந்த ரவிவர்மா, அரண்மனைச் சுவருக்கு எண்ணெய் வர்ணத்திலை கீறிக்கொண்டிருந்த மட்டும் எங்களுக்கும் அவருக்கும் ஒரு கொண்டாட்டமும் இல்லை. 1894இலை பம்பாயிலை ஒரு அச்சுக்கூடம் போட்டார். கல்லச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்லு. ஒரே தாளை ஒவ்வொரு கல்லிலையும் ஒருக்கா அமத்தி எடுக்கவேணும். ஒரு கல்லு எப்பன் விலகினாலும் லட்சுமிக்கு ரண்டு மூக்கு. அந்தக் கூடத்தாலை வெளிக்கிட்ட படங்களும், அதைப் பாத்து அடிச்ச படங்களும், பேந்து அதைப் பாத்துக் கீறின கலண்டர்களுமாக் கடல் கடந்து இஞ்சை வந்து சேந்துது. தாமரையிலை நிண்டபடி லட்சுமி, பக்கத்திலை மாலை தூக்கின ஆனை. கல்லிலை இருந்து வீணை வாசிக்கிற சரஸ்வதி, கிட்ட ஒரு மயில். நல்லூரிலை வாங்கினாலும் சுன்னாகத்திலை வாங்கினாலும் நிக்கிற நிலை ஒண்டுதான்.

அந்தச் சீலை வைகுண்டத்திலையிருந்து இறங்கினதெண்டு நினைக்காதை. மனிசன் இந்தியா முழுக்கச் சுத்தி, எந்த ஊரிலை ஆர் எப்பிடி உடுக்கினம் எண்டு பாத்துப் பாத்துத் தெரிஞ்செடுத்த உடுத்து அது. தம்பியார் ராஜராஜவர்மாவும் கூட நிண்டு கீறினவர். நாட்குறிப்பும் எழுதி வைச்சவர். போட்டோவையும் துணைக்கு வைச்சுக்கொண்டுதான் வேலை நடந்தது. எண்டபடியால், போட்டோ எடுத்து ரவிவர்மாவைக் குறைச்சுப்போட்டான் எண்டு உன்னை ஆரும் பேசினால், அவை ரவிவர்மாவையும் சேத்துத்தான் பேசுகினம்.

இன்னும் ஒரு கூத்துக் கேள். அந்தக் காலத்திலை படத்தை வாங்கின சனம் சும்மா மாட்டி வைக்கேல்லை. அச்சடிச்ச சீலைக்கு மேலை நிசத் துணி வெட்டி ஒட்டி, சரிகை வைச்சு, சமிக்கி தைச்சு, கழுத்துக்கு மணி கோத்தெல்லாம் போட்டுதுகள். அப்பிடி உடுப்புப் போட்ட படங்களைக் காசு குடுத்துத் தேடி வாங்கிச் சேக்கிற ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம். கடதாசி லட்சுமிக்குத் துணிச் சீலை! உதுக்குப் பேர் பக்தி எண்டால், நீ செய்யிறதுக்கும் அதே பேரை வைப்பம். விளையாட்டெண்டால் ரண்டும் விளையாட்டு. எனக்கு எந்தப் பேரும் சம்மதம். உன்ரை பெரிய மாமிக்கு மட்டும் பக்தி எண்டு சொல்லு, சோறு கிடைக்கும்.

உனக்கு முந்தியும் ஆக்கள் விளையாடி முடிச்சிட்டினம். பெங்களூரிலை புஷ்பமாலா எண்டு ஒரு அம்மா. 2000ஆம் ஆண்டிலையிருந்து 2004 வரைக்கும், கிளேர் ஆர்ணி எண்ட படப்பிடிப்பாளரோடை சேந்து, தென்னிந்தியப் பெண்களைப் பற்றி ஒரு படத்தொகுதி செய்தவ. ரவிவர்மாவின்ரை நிலா வெளிச்சத்துப் பெண்ணாயும், லட்சுமியாயும் தானே வேசம் போட்டு நிண்டவ. சென்னையிலை வெங்கட்ராம் எண்ட படப்பிடிப்பாளர், சுகாசினியின்ரை 'நாம்' அறக்கட்டளைக்காக 2020 கலண்டருக்கு ரம்யா கிருஷ்ணன், குஷ்பு, சமந்தா எண்டு நடிகைமாரைக் கூட்டி வந்து, ரவிவர்மா படங்களை அச்சுப் பிசகாமல் எடுத்தவர். வடிவெண்டால் வடிவு. கண்ணை எடுக்கேலாது. ஆனால் என்னைக் கேட்டால், நான் புஷ்பமாலாவின்ரை பக்கம். அந்தக் கலண்டரைப் பாத்தால் "அப்பிடியே இருக்கு" எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். புஷ்பமாலா லட்சுமியா நிக்கேக்கை, "இந்த மனிசி ஏன் இப்பிடி நிக்குது?" எண்டு ஒரு கேள்வி வருது. பேந்து, "அப்ப லட்சுமி மட்டும் ஏன் அப்பிடி நிண்டவ?" எண்டு அடுத்த கேள்வியும் வருது. அந்த ரண்டாவது கேள்விதான் விசயம்.

நீ அதைப் பொம்மையாலை கேக்கப் பாக்கிறாய். நல்லது. ஆனால் ஒரு சங்கதி: பகிடி விடுறவனுக்கு ஒண்டு மட்டும்தான் பிழைக்கலாம். மிச்சம் எல்லாம் சரியா இருக்கவேணும். வெளிச்சம் விழுற பக்கம், சீலையின்ரை நிறம், கை வைச்சிருக்கிற இடம், பின்னாலை தெரியிற மரம், எல்லாம் ரவிவர்மாவின்ரை சொற்கேட்டு நிக்கவேணும். ஆள் மட்டும் பிளாஸ்ரிக். அப்பதான் சிரிப்பு வரும். எல்லாம் பிழைச்சால் அதுக்குப் பேர் பகிடியில்லை, கவனமில்லாத வேலை. போன கிழமை நீ எடுத்த லட்சுமியைப் பாத்தன். ஆனையைக் காணேல்லை, தாமரைக்குப் பதிலாச் சோடாப் போத்தல் மூடி, பின்னாலை என்ரை சாறம் காயுது. மகாவிஷ்ணு கண்டால் விவாகரத்துக் கேப்பார்.

நீ கொண்டந்த அந்தப் பெரிய பெட்டியைப் பற்றியும் ஒரு கதை கதைக்கவேணும். வான் கோவின்ரை நட்சத்திர இரவு. 1889இலை கீறின படம். 2022இலை லெகோக்காரர் அதை 2316 துண்டாக்கிப் பெட்டியிலை போட்டு வித்தினம். ஹொங்கொங்கிலை படிச்சுக்கொண்டிருந்த ட்ரூமன் செங் எண்ட பெடியன் யோசிச்சுக் குடுத்த வடிவம். அவனைப் பாராட்டவேணும். தூரிகை இழுத்த இழுவையைக் கட்டைத் துண்டிலை கொண்டு வாறது லேசுப்பட்ட வேலையில்லை. வான் கோவையும் தூரிகையும் கையுமாக் குட்டிப் பொம்மையாச் செய்து உள்ளுக்கை வைச்சிருக்கினம். சரி. ஆனால் அதிலை விளையாடினவன் ட்ரூமன் செங். நீ அவன் சொன்னபடி துண்டு பூட்டினாய். இரவு இரவா இருந்து பூட்டி முடிச்சிட்டு "நான் செய்தனான் அப்பு" எண்டு காட்டினாய். ஓமடா ராசா, செய்தாய்தான். புத்தகத்திலை முதலாம் பக்கம் தொட்டுக் கடைசிப் பக்கம் வரை பிசகாமல் செய்தாய். உன்ரை பள்ளிக்கூடப் புத்தகத்தையும் அப்பிடிப் பாத்திருந்தால் கொப்பருக்கு நெஞ்சுநோ வந்திராது.

வான் கோவும் கொப்பியடிச்ச மனிசன்தான், தெரியுமோ? சென் ரெமியிலை ஆசுபத்திரியிலை இருந்த நாளிலை, மில்லே எண்ட முந்தின ஓவியரின்ரை படங்களைத் திரும்பக் கீறினவர். விதைக்கிறவன், அறுக்கிறவன், மத்தியானம் வைக்கோல் போருக்குக் கீழை படுத்துக் கிடக்கிற புருசன் பெண்சாதி. ஆனால் அவரின்ரை கையிலை இருந்தது கறுப்பு வெள்ளை அச்சுப் படம். நிறம் ஒண்டும் அதிலை இல்லை. மஞ்சளையும் நீலத்தையும் தன்ரை மண்டைக்குள்ளையிருந்துதான் எடுத்துப் போட்டார். மில்லே குடுத்த வயலிலை வான் கோ தன்ரை வெயிலைக் காய விட்டார். நீயும் பூட்டின அந்த இரவைக் கொண்டு வந்து எங்கடை கிணத்துக் கட்டிலை வைச்சு, பின்னேரத்து மங்கல் வெளிச்சத்திலை எடுத்துப் பார். அந்த வானத்துக்குக் கீழை சைப்பிரஸ் மரம் நிக்கிற இடத்திலை எங்கடை பனை ஒண்டு நிக்கட்டும். அப்ப உன்ரை எண்டு சொல்ல ஒரு மரமாவது இருக்கும்.

இனித் தொழிலுக்கு வருவம். நான் கமறாப் பிடிச்சவனில்லை. ஆனால் வெயிலோடை சீவியம் நடத்தினவன்.

முதல் வேலை, நிலத்திலை படு. பொம்மை நாலு சென்ரிமீற்றர் உயரம். நீ ஆறடியிலை நிண்டு குனிஞ்சு எடுத்தால் பொம்மை பொம்மையாத்தான் தெரியும். பெரிய ஆள் ஒராள் குழந்தையின்ரை சாமானைப் பாக்கிறார், அவ்வளவுதான். அதின்ரை கண் மட்டத்துக்கு இறங்கவேணும். போனைத் தலைகீழாப் பிடி. கமறாக் கண்ணாடி மேல் மூலையிலைதானே இருக்கு. திருப்பினால் அது மண்ணிலை முட்டும். பொம்மை உன்னை நேருக்கு நேர் பாக்கும், சிலவேளை மேலையிருந்தும் பாக்கும். அமெரிக்காவிலை டேவிட் லெவின்தால் எண்டவர் விளையாட்டுச் சாமானை மட்டுமே எடுத்துப் பேர் வாங்கினவர். 1977இலை பொம்மைச் சிப்பாய்களை வைச்சு இரண்டாம் உலகப் போரைப் புத்தகமாப் போட்டவர். 1980களிலை சின்னச் சின்ன உருவங்களை வைச்சு இரவு அறைகளையும் தெருக்களையும் போலறொயிட்டிலை எடுத்தவர். பாத்தால் எட்வேட் ஹொப்பரின்ரை ஓவியத்திலை தனிச்சு இருக்கிற ஆக்களின்ரை மூச்சு அதிலை கேக்கும். அவரின்ரை கெட்டித்தனம் என்னெண்டால், எல்லாத்தையும் தெளிவாக் காட்டாதது. முன்னுக்கும் பின்னுக்கும் கலங்க விட்டு, ஒரு சின்ன இடத்தை மட்டும் பிடிப்பார். கலங்கின இடத்தைப் பாக்கிற ஆள் தானே நிரப்பிக் கொள்ளுவார். பிளாஸ்ரிக் மூக்கிலை இருக்கிற தையலும் தெரியாது.

ரண்டாவது, மண். எங்கடை செம்மண் வடிவான மண், வாழைக்கு அமிர்தம். ஆனால் உன்ரை சகுந்தலை நிண்ட இடத்திலை ஒவ்வொரு கட்டியும் அவளின்ரை தலையளவு. ஏதோ கல்லுடைக்கிற இடத்திலை காதல் நடந்த மாதிரி இருந்துது. ஆச்சியின்ரை மா அரிதட்டை எடுத்து, மண்ணை அரிச்சுத் தூவு. ரண்டு தரம் அரி. ஆச்சி கண்டால் நான் சொன்னனான் எண்டு சொல்லாதை. தண்ணியிலையும் கவனம். மண்ணை அரிக்கலாம், தண்ணியை அரிக்கேலாது. பெரிய ஆளுக்கும் சின்னப் பொம்மைக்கும் துளி ஒரே அளவுதான். காலமைப் பனி ஒரு துளி விழுந்தால் தமயந்தியின்ரை பாதி முகம் மறைஞ்சு போகும். அது வேணுமெண்டால் வைச்சிரு. வேண்டாமெண்டால் ஊதி விடு.

மூண்டாவது, வெளிச்சம். வாழையிலைக்குக் கீழை வாற வெளிச்சம் பச்சை. பொன்னிறமா இருக்கவேண்டிய தேவி மொந்தன் காய் நிறத்திலை வந்தது அதாலைதான். வெளியிலை வை, மத்தியானத்திலை வையாதை. உச்சி வெயிலிலை தலைமயிரின்ரை நிழல் முகத்திலை விழும். வெயில் ஏற முந்தி, இல்லாட்டிப் பின்னேரம். அப்பவும் கடுமையா இருந்தால் என்ரை வெள்ளை வேட்டி ஒண்டை ரண்டு தடிக்கு நடுவிலை கட்டி வெளிச்சத்தை வடிகட்டு. காலமை அஞ்சரைக்கு எழும்பினால் நல்லது. எழும்பினாப் போலை, தண்ணி மாறுற வேலையும் ஒண்டு இருக்கு. ரண்டையும் ஒண்டாச் செய்யலாம். பின்னாலை காஞ்ச சருகு தொங்கினால் கண்வருடைய ஆச்சிரமம் எண்டு ஆரும் நம்பாயினம். ஆனபடியால் அந்த வரிசை முழுக்கச் சருகை அறுத்து விடு. நான் படத்துக்காகத்தான் சொல்லுறன்.

சரி, சகுந்தலை. ரவிவர்மா என்ன செய்திருக்கிறார்? பெட்டை தோழிமாரோடை நடந்து போறாள். துஷ்யந்தனைத் திரும்பிப் பாக்கவேணும், ஆனால் பாக்கிறன் எண்டு தெரியக் கூடாது. காலிலை முள்ளுக் குத்தின சாட்டிலை, ஒருத்தியின்ரை தோளிலை கை ஊண்டி, காலைத் தூக்கிக்கொண்டு திரும்பிறாள். முழங்கால் மடியுது, இடுப்பு வளையுது, கழுத்துத் திரும்புது. உன்ரை லெகோச் சகுந்தலைக்கு முழங்காலே இல்லை. இடுப்போடை கால் முன்னுக்குப் போகும், எப்பன் பின்னுக்குப் போகும், அவ்வளவுதான் அவளின்ரை உலகம். நீ அவளை ஒரு பக்கம் சரிச்சு வைச்சு, தொட்டாச்சுருங்கி முள்ளு ஒண்டைக் காலடியிலை போட்டாய். அந்த முள்ளு அவளின்ரை கையளவு. உண்மையிலை குத்தியிருந்தால் துஷ்யந்தனை விட்டிட்டு யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குத்தான் போயிருப்பாள்.

காலை விடு. முன்னுக்கு நாலு புல்லு நட்டு மறை. முள்ளும் வேண்டாம். முள்ளு ரவிவர்மாவிலையும் இல்லை, சாட்டுத்தானே. விசயம் முழுக்கக் கழுத்திலை கிடக்கு. லெகோப் பொம்மையின்ரை கழுத்து ஒரு முழுச் சுத்துச் சுத்தும், அதிலை அவள் சகுந்தலையையும் வெண்டிடுவாள். ஆனால் முழுக்கத் திருப்பினாயெண்டால் துஷ்யந்தன் பேயெண்டு ஓடிடுவான். கால்வாசி திருப்பு. கை தோழியின்ரை தோளிலை படட்டும். முழங்கால் இல்லாமல் சகுந்தலை வருவாள், கழுத்து இல்லாமல் வராள். உதை நான் ரவிவர்மாவின்ரை படத்தைப் பாத்துத் தெரிஞ்சுகொள்ளேல்லை. நீ உந்தப் பொம்மையோடை அரைநாள் மல்லுக்கட்டினதைப் பாத்துத்தான் தெரிஞ்சுகொண்டன். எத்தினை வரியம் பாத்த படம்!

தமயந்திக்கு அன்னம் எண்டு குளிக்கிற தொட்டியிலை மிதக்கிற மஞ்சள் றப்பர் தாராவை வைச்சாய் பார், அதை மட்டும் மாத்தாதை. தமயந்தியைவிடத் தாரா பெரிசு. நளனைப் பற்றிச் சொல்ல வந்த அன்னம் அவளையே தூக்கிக்கொண்டு போற அளவிலை நிக்குது. அதுதான் பிழைக்கவேண்டிய அந்த ஒண்டு. ஆனால் சீலை சிவப்பா இருக்கவேணும், தூண் நேரா நிக்கவேணும், அவள் தாராவைப் பாக்கிற பார்வையிலை பகிடி இருக்கக் கூடாது. அவளுக்கு அது அன்னம்தான்.

எல்லாம் வெளியூர் ஓவியராப் போச்சு எண்டு யோசிக்கிறியோ? நானும் யோசிச்சன். யாழ்ப்பாணத்திலை மாற்கு மாஸ்ரர் இருந்தவர், 1933இலை பிறந்தவர், 2000இலை செத்தவர். எத்தினையோ பிள்ளையளுக்குக் கீறப் பழக்கினவர். அவருக்கும் ஒரு விளையாட்டு மரியாதை செய்யலாம்தான். ஆனால் அவரின்ரை படங்கள் கனக்கப் போரிலையும் இடப்பெயர்விலையும் அழிஞ்சு போச்சு. ரவிவர்மாவை நீ எப்பிடிக் கேலி பண்ணினாலும், பாக்கிற சனத்துக்கு மூலப்படம் மனப்பாடம், அதாலை சிரிக்குது. மாற்குவின்ரை படத்தைப் பொம்மையிலை செய்தால், எது மூலம் எண்டு கேக்கிற ஆக்கள்தான் இஞ்சை கூட. பகிடிக்கும் முதல் வேணும் மோனை. நீ அவரின்ரை மிச்சம் இருக்கிற படங்களைத் தேடிப் பாத்து, பொம்மை இல்லாமல், நேரா நிண்டு, நல்ல வெளிச்சத்திலை ஒழுங்காப் படம் எடுத்து வை. விளையாட்டை உன்ரை பிள்ளையள் பாத்துக்கொள்ளுங்கள்.

இப்ப நவராத்திரி வருது. சரஸ்வதி செய்யவேணும் எண்டாய். நாலு கைக்கு என்ன வழி எண்டு ரண்டு நாளாத் தலையைச் சொறியிறாய். வழி லேசு. இன்னொரு பொம்மையின்ரை தலையைக் கழட்டிப்போட்டு, இவளுக்குப் பின்னாலை ஒட்டி நிப்பாட்டு. கை மட்டும் வெளியிலை தெரியட்டும்.  வீணைக்கு ஈர்க்கும் ரண்டு குரும்பட்டியும் போதும். நாங்கள் குரும்பட்டியிலை தேரே கட்டி இழுத்த ஆக்கள், உனக்கு ஒரு வீணை செய்து தர மாட்டமோ? உடம்புக்குச் சின்னக் குரும்பட்டி, மேலுக்கு அதிலும் சின்னது. நரம்புக்கு வாழை நார் கிழிச்சுத் தாறன். கையிலை அந்தப் பிறை மாதிரி வளைவு இருக்குத்தானே, ஈர்க்கை அதிலை செருகலாம்.

மயிலுக்கு என்னட்டை ஒரு இறகு கிடக்கு, உள்ளங்கையளவு கண்ணோடை. பொம்மைக்குப் பக்கத்திலை நட்டால் மயில் முழுக்க வேண்டாம், அந்த ஒரு கண்ணே தோகையாத் தெரியும். கேட்டால் தருவன். ஆனால் சரஸ்வதி இருக்கிற கல்லுக்குப் பின்னாலை வெளியா இருக்கவேணும், ரவிவர்மா அப்பிடித்தான் விட்டிருக்கிறார். தெற்கு வேலியோரம் இதரையும் கதலியும் குட்டி போட்டு அடைஞ்சு கிடக்கு. மண்வெட்டி மாட்டுக் கொட்டிலிலை. ஒரு மரத்துக்கு ஒரு குட்டியை விட்டு மிச்சத்தைக் கிண்டி எடு. குலை தள்ளின மரங்களுக்கு முட்டும் குடுத்து விடு, காத்துக்குச் சரிஞ்சு உன்ரை சரஸ்வதிக்கு மேலை விழுந்தால் பாவம். வேலை முடிஞ்ச உடனை வா, இறகை எடுத்துத் தாறன்.